கியர் ராடு ஆடுகிறதா? பழைய பக்கியில் தேய்ந்த புஷ்ஷை மாற்றும் முறை

பழைய பக்கி ஒன்றை, அதாவது பிக்கப் வண்டி ஒன்றை, வாங்கித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து மேடுபள்ளங்களில் ஓட்டத் தொடங்குகிறவரிடம், முதல் மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர் "கியர்பாக்ஸ் போகப்போகிறது, விற்றுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவார். கியர் ராடு தொளதொளவென்று ஆடுவதையும், மூன்றாவது கியரைத் தேடி ஓட்டுநரின் கை அலைவதையும் பார்த்துச் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு, பல வேளைகளில் அவசரத் தீர்ப்பாகவே இருக்கும். ராடின் அடிமுனையில், தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் கூட்டின் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். அதைத்தான் புஷ் என்கிறோம். கியர்பாக்ஸை இறக்காமல், வண்டிக்கு அடியில் படுக்காமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடியே ஒரு பிற்பகலில் அதை மாற்றிவிடலாம். ஸ்பானரைக் கையில் எடுத்துப் பழக்கமில்லாதவரும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தப்பக் கூடாது. அவை எவை என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் இங்கு வந்தவர்களுக்கு ஒரு சொல் விளக்கம். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்றே பெயர். ஊரில் இந்தச் சொல் வசவாகிவிடும், இங்கே "என் பக்கி எங்கே?" என்று ஒருவர் சத்தம் போட்டால், அவர் யாரையும் திட்டவில்லை, வண்டியைத்தான் தேடுகிறார்.

புஷ் செய்யும் வேலை

கியர் ராடு ஒரு நெம்புகோல். நாம் பிடிக்கும் குமிழ் மேலே இருக்கிறது. ராடின் கீழ்ப்பகுதியில் உருண்டையான ஒரு பந்து இருக்கிறது. அந்தப் பந்துதான் ராடு திரும்புவதற்கான அச்சு. பந்துக்கும் கீழே, கியர்பாக்ஸுக்குள் நீளும் குட்டையான முனை, உள்ளே இருக்கும் தண்டின் குழியில் உட்கார்ந்து, நாம் மேலே தள்ளும் ஒவ்வொரு தள்ளலையும் அந்தத் தண்டுக்குக் கொடுக்கிறது. இரும்பு இரும்போடு உரசாமல் இருப்பதற்காக இரண்டு இடங்களில் பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்கள்: பந்தைத் தாங்கும் இருக்கை ஒன்று, முனைக்கு மாட்டிய கிண்ணம் மற்றொன்று. இரண்டையுமே கடைக்காரர்கள் புஷ் என்றுதான் சொல்வார்கள். ஆகவே கடைக்குப் போகும்போது "மேல் புஷ்ஷா, கீழ் புஷ்ஷா" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இரண்டையும் வாங்கிவிடுவதே நல்லது.

மிகச் சிறிய தேய்மானம் ஏன் இவ்வளவு பெரிய ஆட்டமாகத் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். என் வண்டியின் ராடை வெளியே எடுத்தபோது அளந்து பார்த்தேன். குமிழிலிருந்து பந்தின் நடுப்பகுதி வரை 36 சென்டிமீட்டர். பந்திலிருந்து கீழ்முனை வரை நாலரை சென்டிமீட்டர். மேற்பகுதி கீழ்ப்பகுதியைப் போல எட்டு மடங்கு. எனவே கீழே கிண்ணம் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால், மேலே கையில் 16 மில்லிமீட்டர் ஆட்டமாக வந்து சேரும். கிண்ணம் முழுவதுமாக உடைந்து உதிர்ந்துவிட்டால், ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அண்டாவில் அகப்பையை விட்டுத் துழாவுவது போலிருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும், எங்கே போய் நின்றது என்பதுதான் தெரியாது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

புஷ்ஷின் விலை அற்பம். ஆனால் குறை வேறெங்கோ இருக்க, புஷ்ஷை மாற்றிவிட்டு ஏமாறுவதில் பயனில்லை. ஆகவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, நிதானமாக நான்கைந்து சோதனைகளைச் செய்யுங்கள்.

நியூட்ரலில் ராடு பக்கவாட்டில் ஓரளவு ஆடுவது இயல்பு. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ராடை மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, இரண்டு விரலால் குமிழை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கியரில் விழுந்த பிறகும் எந்தத் தடையும் இல்லாமல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தூரம் குமிழ் போய் வந்தால், புஷ் தேய்ந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். ஓடும்போது ராடு "கிர்ர்" என்று அதிர்ந்து, குமிழின் மேல் உள்ளங்கையை வைத்தவுடன் அந்தச் சத்தம் நின்றுபோவதும் அதே குறையின் அடையாளமே.

வேறு குறைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியர்களும் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடித்தால், குறை கிளட்சில் இருக்கிறது. மிதியை அழுத்தியும் அது முழுமையாக விடுபடவில்லை. ஒரே ஒரு கியருக்குப் போகும்போது மட்டும் "கர்ர்" என்று பற்கள் உரசினால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் ராடு முழுவதும் முன்னும் பின்னும் துள்ளினால், எஞ்சின் அல்லது கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், புஷ்ஷை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதை மெக்கானிக் ஒருவரிடம் காட்டத்தான் வேண்டும்.

எல்லாப் பக்கிக்கும் இந்த முறை பொருந்தாது

இங்கே நான் சொல்லும் முறை, எஞ்சினுக்குப் பின்னால் நீளவாக்கில் கியர்பாக்ஸ் இருந்து, ராடு நேராக அதன் தலையில் இறங்கும் பின்சக்கர ஓட்ட வண்டிகளுக்கும் நாற்சக்கர ஓட்ட வண்டிகளுக்கும் உரியது. டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் ஹார்டுபாடி, இசூசு கேபி, சிறிய நிசான் 1400 ஆகியவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிசான் என்பி200, ஃபோர்டு பாண்டம், ஷெவர்லே யூட்டிலிட்டி போன்ற அரை டன் வண்டிகள் முன்சக்கர ஓட்டம் கொண்டவை. அவற்றில் கியர்பாக்ஸ் பானெட்டுக்குக் கீழே குறுக்காக உட்கார்ந்திருப்பதால், ராடின் அசைவு கம்பி வழியாகவோ கேபிள் வழியாகவோ அங்கே போய்ச் சேருகிறது. அங்கும் தேய்வது பெரும்பாலும் பிளாஸ்டிக் புஷ்தான். ஆனால் அதை எட்டும் வழி வேறு.

கடையில் வாங்கும்போது "ஹைலக்ஸ் புஷ்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரரும் மூன்று வகைப் பொட்டலத்தை மேசை மேல் வைப்பார். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் ஏற்பக் கியர்பாக்ஸ் மாறியிருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்கைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் அதிலேயே அச்சாகியிருப்பதால், கடைக்காரர் சரியான பாகத்தைத் தேடி எடுக்க அதுவே போதும்.

பித்தளையில் கடைந்த புஷ்ஷும் சில இடங்களில் கிடைக்கிறது. நெடுநாள் உழைக்கும் என்று சொல்லி விற்பார்கள், உழைக்கவும் கூடும். ஆனால் கியர்பாக்ஸின் அதிர்வையும் இரைச்சலையும் பித்தளை அப்படியே கைக்குக் கொண்டுவந்துவிடும். பிளாஸ்டிக் புஷ்ஷின் நைலான், தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். அது தேய்ந்தால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம், ராடின் முனை தேய்ந்தால் ராடையே மாற்ற வேண்டிவரும். என் ஓட்டு கம்பெனி நைலானுக்கே. பழைய உதிரிபாகம் விற்கும் ஸ்கிராப்யார்டில் ராடு வாங்கலாம், தவறில்லை. புஷ்ஷை மட்டும் அங்கே வாங்காதீர்கள், அதுவும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கும்.

புஷ்ஷோடு சேர்த்து, ராடைச் சுற்றியுள்ள உள் ரப்பர் உறையையும் விசாரித்துப் பாருங்கள். பழைய வண்டியில் அது கிழியாமல் இருப்பது அரிது. கிழிந்த உறை வழியாகத்தான் வெயில்காலச் சூடும், சாலைத் தூசியும், மழைநாளின் சேறும் மேலேறி வந்து புஷ்ஷை அரைக்கின்றன. 2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் டர்பனின் தெற்கே பிராஸ்பெக்டனில் ஹைலக்ஸ் தயாராகும் தொழிற்சாலைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அந்த நாட்களில் வெள்ளத்தில் நின்ற பழைய பக்கி ஒன்றை நீங்கள் மலிவாக வாங்கியிருந்தால், கியர்பாக்ஸ் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையும் இந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

கையில் இருக்க வேண்டியவை

நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், 10 மற்றும் 12 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், அவற்றுக்கான நீட்டிப்புக் கம்பி, சர்க்கிளிப் (பள்ளத்தில் விழுந்து பூட்டும் ஸ்பிரிங் வளையம்) கழற்றும் குறடு, லித்தியம் கிரீஸ், நூல் உதிராத சுத்தமான துணி, வாக்யூம் கிளீனர், கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல டார்ச் விளக்கு ஆகியவை போதும். டார்ச்சை முன்கூட்டியே சார்ஜ் செய்துவிடுங்கள். மின்வெட்டு எப்போது வரும் என்று இந்த நாட்டில் நம்பியிருக்க முடியாது. இவற்றோடு, பிராய்க்கு (இங்கே தணலில் இறைச்சி சுடும் விருந்துக்கு) இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி இரண்டையும் அடுக்களையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு தெரியும்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் போன்ற இடங்களில் வீட்டு முற்றமே சரிவாக இருக்கும். அப்படியானால் இந்த வேலையை வேறு இடத்தில் செய்யுங்கள். ராடை எடுத்த பிறகு கியரில் போட்டு வண்டியை நிறுத்திவைக்க வழியே இல்லை என்பதை மறக்கக் கூடாது. கை பிரேக்கை இழுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் செங்கல் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஓட்டி வந்த சூடு ஆற ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ராடை நியூட்ரலில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கியரில் இருக்கும்போது ராடை உருவினால், திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கும் குழி நடுவில் இருக்காது.

குமிழை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். சிலவற்றில் அடியில் ஒரு பூட்டு நட்டு இருக்கும். முதலில் அதைத் தளர்த்த வேண்டும். ரிவர்ஸுக்காகத் தூக்கும் வளையம் உள்ள ராடுகளில் குமிழ் வேறு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், ஆகவே திரும்பவில்லை என்று பலத்தைக் காட்டாதீர்கள். அடுத்துக் கன்சோலின் (ராடைச் சுற்றி இரு இருக்கைக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் பெட்டியின்) திருகுகளைக் கழற்றித் தூக்குங்கள். பெட்டியின் மூடிக்கு அடியிலும், சாம்பல் கிண்ணத்துக்கு அடியிலும், கம்பளத்தின் விளிம்பிலும் திருகுகள் மறைந்திருக்கும். எங்காவது பிடித்து இழுக்கிறது என்றால் எங்கோ ஒரு திருகு மிச்சமிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்வது, பிறகு கையில் இரண்டு திருகு மிஞ்சி விழிப்பதிலிருந்து உங்களைக் காக்கும். கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். தலை உடைந்த போல்ட்டை எடுப்பது புஷ் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

வெளி உறையைத் தூக்கியதும் கீழே உள் ரப்பர் உறையும், அதை அழுத்திப் பிடிக்கும் தகட்டு வளையமும் தெரியும். இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டு இடங்களில் முதலாவது வருகிறது. எதையும் திறப்பதற்கு முன்னால் அந்தப் பகுதி முழுவதையும் வாக்யூம் செய்யுங்கள். வளையத்தைக் கழற்றி உறையைத் தூக்கியதும் மறுபடியும் வாக்யூம் செய்து, ஈரத்துணியால் துடையுங்கள். என்னிடம் வந்த பக்கி அதற்கு முன்பு சாட்ஸ்வர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தைக்குக் கீரை ஏற்றிப் போய்வந்த வண்டி. உறையைத் தூக்கியபோது அடியில் கிடந்தவை: காய்ந்த கொத்தமல்லித் தழை ஒரு பிடி, இருபது சென்ட் காசு ஒன்று, கொண்டை ஊசி, பாதி கரைந்த கற்பூரக்கட்டி, இவற்றையெல்லாம் ஒட்டவைத்திருந்த எண்ணெய்ச் சேறு. இவ்வளவும் கியர்பாக்ஸின் வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தன. அந்த வாய்க்குள் விழும் மணல் துகள் எண்ணெயோடு சுற்றிப் பேரிங்குகளைத் தின்னும். கொண்டை ஊசி விழுந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

ராடு பிடித்துவைக்கப்பட்டிருக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஹைலக்ஸ் பலவற்றில் பந்துக்கு மேல் ஒரு மூடி இருக்கும். அதன் மேல் துணியைப் போர்த்தி, இரு கையாலும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறிக் கீழே அழுத்தியபடி இடப்பக்கமாகத் திருப்பினால், மூடி விடுபட்டு ராடோடு மேலே வந்துவிடும். பார்ப்பதற்கு மருந்துப் புட்டியின் மூடியைத் திறப்பது போலத்தான். அழுத்தாமல் திருப்பினால் திறக்காது. வேறு சிலவற்றில் தகட்டைப் பிடித்து ஒரு சர்க்கிளிப் இருக்கும். அதை எடுக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஒரு கையால் துணியைப் பிடித்து மூடிக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் அது தெறித்தால் எங்கே போனது என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. மற்றவற்றில் மூன்று அல்லது நான்கு போல்ட்டுகளால் ஒரு தகடு பூட்டப்பட்டிருக்கும். போல்ட்டுகள் வெவ்வேறு நீளமாக இருக்கலாம் என்பதால் அட்டையில் ஓட்டை போட்டு, இருந்த ஒழுங்கிலேயே குத்திவையுங்கள். நாற்சக்கர ஓட்ட வண்டியில் பக்கத்தில் நிற்கும் சிறிய ராடு வேறு பெட்டிக்கு உரியது. அது இடைஞ்சலாக இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

ராடை நேராக மேலே உருவுங்கள். முனையிலிருந்து எண்ணெய் சொட்டும், ஆகவே துணியால் ஏந்திக்கொள்ளுங்கள். உருவியவுடன், வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால், கியர்பாக்ஸின் வாயில் சுத்தமான துணியை வைத்து மூடுங்கள். கையளவு பெரிய துணியாக இருக்கட்டும்; அதன் ஒரு முனை வெளியே தொங்கட்டும்.

உடைந்த துண்டுகளை மீட்டல்

பழைய கிண்ணம் ராடின் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் அது பாதி முனையிலும் பாதி குழியிலுமாகப் பிரிந்திருக்கும். இரண்டாவது கவனம் வேண்டிய இடம் இதுவே. வந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, உடைந்த வளையலைப் பொருத்துவது போல ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். முழுக் கிண்ணம் தேறுகிறதா? தேறவில்லை என்றால் மிச்சத் துண்டு உள்ளே இருக்கிறது.

பலர் இந்த இடத்தில் காந்தக் குச்சியைத் தேடி ஓடுவார்கள். நைலானைக் காந்தம் இழுக்காது. அதற்குத்தான் மூங்கில் குச்சி. கூர்முனையை வெட்டிவிட்டு, நுனியில் பட்டாணி அளவு கெட்டியான கிரீஸை வைத்து, டார்ச் வெளிச்சத்தில் குழிக்குள் மெதுவாக இறக்கி, துண்டின் மேல் அழுத்தி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். என் வண்டியின் கிண்ணம் மூன்றாக உடைந்திருந்தது. இரண்டு உடனே வந்தன. நகத்துண்டு அளவுள்ள மூன்றாவது, குழியின் சுவரில் கரிய எண்ணெயோடு ஒட்டி இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. நான்காவது முறை குச்சியை எடுத்தபோதுதான், கிரீஸின் மேல் வெளிறிய மஞ்சளாக அது தெரிந்தது. அந்த இருபது நிமிடத்தில், வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் "என்ன தம்பி, கிணற்றில் வாளியைத் தேடுகிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துண்டு குழியையும் தாண்டிக் கீழே விழுந்துவிட்டது என்று உறுதியானால், எண்ணெயை வடித்துப் பார்ப்பதே முறையான வழி. அப்போது ஒரு விதியை மறக்காதீர்கள்: பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பார்த்த பிறகே அடியில் வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் நின்றால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

புதியதைப் பொருத்துதல்

ராடின் பந்தையும் முனையையும் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். முனை உருண்டையாக இருக்க வேண்டும். புஷ் உடைந்த பிறகும் நெடுநாள் ஓட்டிய வண்டியில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அப்படியானால் புதிய புஷ்ஷும் அதன் மேல் இறுக்கமாக உட்காராது, ஆட்டம் குறையுமே தவிர மறையாது. புதிய புஷ்ஷைப் பழைய துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து உயரம், விட்டம், வெட்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் கத்தியால் சீவிப் பொருத்த முயலாதீர்கள். கடைக்குத் திரும்பப் போங்கள்.

நைலான் புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். கைபொறுக்கும் சூட்டை விடச் சற்று அதிகமான வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, உட்புறம் கிரீஸ் தடவி முனையில் வைத்து அழுத்தினால் "டக்" என்று உட்கார்ந்துவிடும். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை. சில வண்டிகளில் கிண்ணத்தை ராடில் மாட்டாமல் உள்ளே இருக்கும் குழியில்தான் வைக்க வேண்டும். பழையது எங்கே இருந்ததோ அங்கேதான் புதியதும். மேல் இருக்கையையும் மாற்றுகிறீர்கள் என்றால், அதில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று நீங்கள் எடுத்த படத்தில் பாருங்கள். பந்தின் மேலும் கிரீஸ் தடவுங்கள், ஆனால் அள்ளி அப்ப வேண்டாம்.

இப்போது வாயிலிருந்து துணியை எடுங்கள். இதைத் தனி வாக்கியமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் முறை நான் ராடை இறக்கியபோது மூடி உட்கார மறுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், பிறகும் மறுத்தது. துணியின் முனை வெளியே தொங்கியிருந்ததால்தான் என் அறிவீனம் எனக்கு உடனே தெரிந்தது.

ராடை நேராக இறக்குங்கள். பந்தின் பக்கங்களில் பள்ளம் இருந்தால், பந்து உட்காரும் கூட்டிலுள்ள முளைகள் அவற்றில் நுழைய வேண்டும். முனை குழியில் விழுந்தவுடன் கையில் தெரியும். ராடு திடீரென்று ஒழுங்குக்கு வந்தது போல இருக்கும். மூடி மேலேயே மிதந்தால் முனை குழிக்கு வெளியே நிற்கிறது. தூக்கி மறுபடியும் இறக்குங்கள், போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்க நினைக்காதீர்கள். திருகு மூடியென்றால் அழுத்தி வலப்பக்கமாகத் திருப்பிப் பூட்டுங்கள். தகடும் போல்ட்டும் என்றால், பழைய கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாள்) அல்லது சிலிக்கான் படிவைச் சுரண்டியெடுத்து, புதிய கேஸ்கெட்டை வைத்தோ நூல் கனத்தில் சிலிக்கானைத் தடவியோ பொருத்துங்கள். போல்ட்டுகள் இறங்கும் உடல் அலுமினியம். மரை சுலபத்தில் வழுக்கிவிடும். ஆகவே முதலில் விரலாலேயே எல்லாவற்றையும் இறக்கி, பிறகு குறுக்குக் குறுக்காக, சாக்கெட் பிடியின் நுனியைப் பிடிக்காமல் தலைப்பகுதிக்கு அருகில் பிடித்து இறுக்குங்கள். சர்க்கிளிப் வகையில், வளையம் அதன் பள்ளத்தில் சுற்றிலும் விழுந்திருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தொட்டுப் பாருங்கள்.

கன்சோலை மூடுவதற்கு முன்

எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோதிப்பவர் இரண்டு முறை வேலை செய்வார். குமிழை மட்டும் மாட்டி, எஞ்சின் அணைந்த நிலையில் கிளட்சை மிதித்து ஒன்றிலிருந்து ஐந்து வரையும் ரிவர்ஸுக்கும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி இடம் இருப்பது கையில் தெரிய வேண்டும். மூன்றாவது கியரில் வைத்து முன்பு செய்தது போலவே அசைத்துப் பாருங்கள். இப்போது சிறிதளவு ஆட்டமே மிஞ்சியிருக்கும். முற்றிலும் ஆடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம், புது வண்டியிலும் கொஞ்சம் இருக்கும். புது புஷ்ஷோடு ராடு முதல் சில நாட்கள் சற்று விறைப்பாக இருப்பதும் இயல்புதான்.

பிறகு செங்கற்களை எடுத்துவிட்டு, எஞ்சினை இயக்கி, முன்னும் பின்னும் சில அடிகள் நகர்த்திப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மட்டும் உள் ரப்பர் உறையைப் போடுங்கள். அதன் விளிம்பு சுற்றிலும் தகட்டு வளையத்துக்கு அடியில் மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். கழுத்துப் பகுதி தளர்ந்திருந்தால் கேபிள் டை ஒன்றால் கட்டிவிடலாம். கிழிந்த உறையை டேப் ஒட்டிப் போடுவது இரண்டு வாரத்துக்குக்கூட வராது. சூட்டில் பசை இளகிவிடும். அதன் பிறகு கன்சோல், வெளி உறை, திருகுகள்.

கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவையும் இதே வாரத்தில் பார்த்துவிடுவது நல்லது. எந்த எண்ணெய் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்தே வாங்குங்கள். டப்பாவில் எண்ணெயின் வகையைக் குறிக்க ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதைக் கண்டு, எண் பெரியதாக இருப்பதால் தரமும் பெரிது என்று நினைத்துவிடக் கூடாது. பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது.

முதல் ஓட்டத்தை வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியும், சமதளத்தில் நான்கிலிருந்து ஐந்துக்கு ஏற்றியும் பாருங்கள். நான் ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினேன். பழக்கதோஷத்தால் மூன்றாவது கியருக்கு முழங்கையை நீட்டித் தள்ளினேன். அது பாதி தூரத்திலேயே விழுந்துவிட, கை முன்னால் போய் ரேடியோவில் இடித்தது.